ஓடிய மானும் வராத மானும்

நார்வேயின் பெர்கன் நகரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போனார்களாம். ஸ்கீ கட்டிக்கொண்டு கிளம்பிய வழியில் ஒரு பலகை: காட்டுத் துருவமான்கள் இருக்கின்றன, இந்தப் பக்கம் போக வேண்டாம். திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் மனம் ஆறவில்லை. "எங்களிடம் எஞ்சின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. மானைத் தூரத்தில் கண்டாலே நின்றுவிடுவோம். நாங்கள் போவதால் அதற்கு என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடி நார்வே ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக மலையேறி இறங்கியிருக்கிறார்கள், தங்களுக்குள் சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் படங்களில் வண்டி இழுக்கும் ரெயின்டீரைத்தான் துருவமான் என்கிறேன். ஸ்காண்டிநேவியாவின் வடக்கே சாமி எனப்படும் பழங்குடி மக்கள் மேய்ப்பவை வளர்ப்பு மந்தைகள். யாருக்கும் சொந்தமில்லாத காட்டு மந்தைகள் தெற்கு நார்வேயின் உயர்ந்த மலைகளில் திரிகின்றன. குளிர்காலக் கணக்குப்படி சுமார் 25,000. ஐரோப்பாவில் மலையில் வாழும் காட்டுத் துருவமான்கள் என்று மிஞ்சியவை இவைதான். அவையும் ஒரே மந்தையாக இல்லை. சாலை, ரயில்பாதை, அணைக்கட்டு, விடுமுறைக் குடில் என்று குறுக்கே வந்தவை எல்லாம் சேர்ந்து அவற்றை 24 பகுதிகளாகப் பிரித்துவிட்டன. 2021-இல் நார்வே தன் சிவப்புப் பட்டியலில் இந்த மானை 'அச்சுறுத்தலை நெருங்கிய' இனமாகச் சேர்த்தது. மறு ஆண்டு முக்கியமான 10 பகுதிகளின் நிலையை நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். 'நன்று' என்ற தரம் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. 6 பகுதிகள் 'மோசம்'.

இதற்கெல்லாம் ஸ்கீ கட்டிய குடும்பங்களா காரணம் என்று வாசகர் கொதிப்பார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவர் பக்கம் பேசுகிற ஆய்வும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐகில் ரைமர்ஸ் என்ற நார்வே உயிரியலாளர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மான்களை நோக்கி நடப்பதில் செலவிட்டவர். முறை மிக எளிது. மந்தையைக் கண்டதும் நேராக அதை நோக்கிப் போக வேண்டும். எத்தனை மீட்டரில் தலை தூக்கிப் பார்க்கிறது, எத்தனை மீட்டரில் ஓடத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 2003-இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஸ்னோமொபைலில் போகிறவரையும் ஸ்கீயில் போகிறவரையும் ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு பலருக்கு வியப்பு. உறுமிக்கொண்டு வரும் ஸ்னோமொபைலை மான்கள் வெகு தொலைவிலேயே கவனித்துவிட்டன. ஸ்கீக்காரரைத் தாமதமாகத்தான் கவனித்தன. ஆனால் ஓடியபோது, ஸ்கீக்காரரைக் கண்டு ஓடிய தூரம்தான் அதிகம்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. எஞ்சின் தன் வருகையைச் சொல்லிக்கொண்டே வருகிறது. அது எந்தப் பக்கம் போகிறது என்று மான் நின்று கணிக்கலாம். இரண்டு காலில் நிமிர்ந்து, ஓசையில்லாமல், திடீரென்று அருகில் தோன்றுவது வேட்டைக்காரன். அந்த மலைகளில் ஓநாய் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. ஆகஸ்ட் 20-இல் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வளர்ந்த மானைக் கொல்லும் விலங்கு என்று அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மனிதன்தான். வாசகர் தன் தரப்பில் பெருமையாகச் சொன்ன அமைதி, மானின் கண்ணில் ஆபத்தின் அடையாளம். பட்டம் கட்டிக் காற்றில் இழுபட்டுப் பனியில் சறுக்கும் விளையாட்டு ஒன்று அங்கே பரவியிருக்கிறது. எஞ்சின் கிடையாது, 'பசுமை விளையாட்டு' என்று விளம்பரம் செய்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில், சாதாரண ஸ்கீக்காரரைவிடப் பட்டக்காரரை மான்கள் இன்னும் தொலைவிலேயே கண்டு விலகின. எஞ்சின் இல்லாததெல்லாம் விலங்குக்கு நல்லது என்ற வாதத்தை நான் நம்பாமல் போனதற்கு இந்த இரண்டு சோதனைகளும் காரணம்.

ரைமர்ஸ், சக ஆய்வாளர் சிந்த்ரே எஃப்டஸ்டோலோடு சேர்ந்து ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் எட்கேஓயா தீவில் செய்த சோதனைதான் உலகப் புகழ் பெற்றது. அங்கே உள்ள துருவமான்கள் மனிதனிடம் அவ்வளவு அஞ்சுவதில்லை. ஆய்வாளர் ஒருமுறை சாதாரண மலையேற்ற உடையில் போனார். இன்னொரு முறை பனிக்கரடி போல வெள்ளைப் போர்வைக்குள் புகுந்து போனார். கரடி வேடத்தைக் கண்டபோது மான்கள் ஓடத் தொடங்கிய தூரம் சுமார் 2.5 மடங்கு, ஓடிக் கடந்த தூரம் 2.3 மடங்கு. 2014-இல் இதற்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது; பத்திரிகைகள் வேடத்தின் படத்தைப் போட்டு நிறுத்திக்கொண்டன. அந்தத் தீவில் பனிக்கரடிகள் மான்களைத் துரத்தத் தொடங்கியிருக்கலாம், மான்களும் அதைக் கற்றிருக்கலாம் என்பதுதான் அதில் உள்ள செய்தி. எதற்கு அஞ்சுவது என்பதை மான் பிரித்துப் பார்க்கிறது. பரம்பரையும் இதில் பேசுகிறது: தெற்கு நார்வேயிலேயே நோரஃபியெல், ஒட்டாடாலன் போன்ற இடங்களின் மந்தைகள் வளர்ப்பு மான்களின் வழிவந்தவை. அவை மனிதனை நன்றாகவே நெருங்க விடுகின்றன.

சரி, ஓடியதால் மானுக்கு என்ன நஷ்டம்? ஒருமுறை ஓடுவதில் செலவாகும் சக்தி பெரிதில்லை. கொஞ்ச நேரம் கூடுதலாக மேய்ந்தால் ஈடுகட்டிவிடலாம். இந்தச் சோதனைகளோடு நிறுத்திக்கொண்டால் வாசகர் வென்றார். சுற்றுலா நிறுவனங்களும் இங்கேதான் நிறுத்திக்கொள்ள விரும்புகின்றன.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. மந்தையைக் கண்டுபிடித்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது. அங்கே வராமல் போன மானை இதில் எப்படி அளப்பது?

2008-இல் இங்குன் விஸ்ட்னஸ், கிறிஸ்டியன் நெல்லமான் என்ற இரு ஆய்வாளர்கள், துருவமானும் மனிதச் செயல்பாடும் பற்றி அதுவரை வந்த 85 ஆய்வுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய பரப்பைப் பார்த்தது என்று பிரித்தார்கள். மந்தைக்குப் பக்கத்திலேயே நின்று குறுகிய காலம் பார்த்த ஆய்வுகளில் 13 சதவீதம்தான் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு' என்றன. முழு வட்டாரத்தையும் பார்த்த ஆய்வுகளில் 83 சதவீதம் அப்படிச் சொல்லின. சாலை, குடில், மின்கம்பி வரிசை இவற்றைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையில் மான்கள் நிலத்தைப் பயன்படுத்துவது பாதிக்கும் கீழே போயிருந்தது. ரைமர்ஸ் தரப்பு இந்த முடிவுகளை மிகை என்று எதிர்த்தது. அந்தச் சண்டை ஆய்விதழ்களில் நீண்ட நாள் நடந்தது. இரு தரப்பும் அளந்தது உண்மையைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு தரப்பு ஓடிய மானை எண்ணியது. இன்னொன்று வராத மானை எண்ணியது.

வராத மான் ஏன் இவ்வளவு முக்கியம்? பழைய நீள வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி, கூடம், அப்புறம் அடுக்களை, நெல் கொட்டிய குதிர், பின்னால் பிரசவத்துக்கு ஒதுக்கிய அறை, கொல்லையில் கிணறு. இந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். ரொம்ப நல்ல மனிதர். எதையும் தொடமாட்டார், தண்ணீர்கூடத் தன்னுடையதையே கொண்டுவந்திருக்கிறார். கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் நடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வீட்டாருக்கோ அந்நிய முகத்தைக் கண்டால் நடுக்கம். அவரைத் தாண்டிப் போக மாட்டார்கள். குதிர் நிறைய நெல் இருக்கிறது, வீட்டில் பசி. சாயங்காலம் அவர் எழுந்து போகிறார். விடிந்ததும் வேறொருவர் வருகிறார். நாற்காலி எடுக்கப்படவே இல்லை. போகப் போக வீட்டார் இருப்பதே திண்ணையும் ரேழியும்தான் என்று ஒடுங்கிவிடுகிறார்கள். அங்கே கைக்கு எட்டிய பண்டமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. மகளுக்கு மாதம் ஆகிறது. அவளுக்கான அறை நடைக்கு அந்தப் பக்கம். இதில் விருந்தாளி, "நான் ஒரு பருக்கை சாப்பிடவில்லையே" என்கிறார். அது உண்மை. அவர் தின்றதைக் கணக்கெடுத்தால் பூஜ்யம்தான் வரும். கணக்கெடுக்க வேண்டியது நடையை.

மலையில் அந்த நடை எங்கே இருக்கிறது? ஒரு ஏரிக்கும் ஒரு பள்ளத்தாக்குக்கும் நடுவில் மந்தை கடக்கக்கூடிய குறுகிய மேடு ஒன்று இருக்கும். மனிதனும் அதே மேட்டில்தான் ஒற்றையடிப் பாதை போடுகிறான். நடக்க அதுதான் சுலபம். ஒரு மீட்டர் அகலம், 10 கிலோமீட்டர் நீளம் என்றால் பாதை பிடித்துக்கொண்ட நிலம் ஒரே ஒரு ஹெக்டேர். அதற்குப் பின்னால் 20,000 ஹெக்டேர் மேய்ச்சல் இருந்து, மந்தை பாதையைக் கடக்க மறுத்தால், அந்த ஒரு ஹெக்டேரோடு இருபதாயிரமும் போகிறது. ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்வரை மான்கள் கடக்கின்றன. விடியற்காலையில், மூடுபனியில், சந்தடி அடங்கியபோது கடக்கின்றன. நாளொன்றுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவைத் தாண்டியதும் கடப்பது குறைகிறது. கூட்டம் நூற்றுக்கணக்கானால் பாதை கிட்டத்தட்ட மதிலாகிவிடுகிறது. நடக்கிறவர் கண்ணுக்கு அந்த மதில் தெரியாது. அவர் மான் எதையும் பார்க்கவில்லை. ஆகவே எதையும் விரட்டவில்லை என்று நம்புகிறார்.

இதை எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை ஆட்கொண்ட பகுதி.

மான் முன்பு எங்கே நடந்தது என்று தெரிந்தால்தான் இப்போது எங்கே நடப்பதில்லை என்று சொல்ல முடியும். ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை வந்ததே அண்மையில். சாலையும் ரயிலும் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டன. பழைய நடமாட்டத்தை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? பழைய வேட்டைக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள், கல்லில். நார்வே மலைகளில் ஆயிரக்கணக்கான பொறிக்குழிகள் இன்றும் கிடக்கின்றன. வைக்கிங் காலத்திலும் அதை அடுத்த இடைக்காலத்திலும் மான் பிடிக்க வெட்டியவை. ஒரு குழியின் அருகே போய்ப் பார்த்தால் அதன் கொடூரமான புத்திசாலித்தனம் புரியும். ஆள் ஆழம். பக்கச் சுவரெல்லாம் தட்டைக் கல் அடுக்கியது. நீளம் ஒரு மானின் உடம்புக்குப் போதும். அகலமோ அது உள்ளே திரும்ப முடியாத அளவுக்குக் குறுகல். மேலே குச்சியும் பாசியும் போட்டு மூடியிருப்பார்கள். இரு பக்கமும் கல்லாலும் மரத்தாலும் வேலி நீண்டு வந்து மந்தையைக் குழியின் வாய்க்குக் கொண்டுவிடும். இவ்வளவு உழைப்பைக் கொட்டி, மான் வராத இடத்தில் யாரும் குழி வெட்ட மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு குழியும் ஒரு சாட்சி: இந்த வழியாக மந்தை ஆண்டுதோறும் தவறாமல் போனது.

மானுவேலா பன்ஸாக்கியும் நார்வே இயற்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் குழிகளின் இருப்பிடங்களையும் இன்றைய கழுத்துப்பட்டைகள் அனுப்பிய புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். நில அமைப்பு மாறவில்லை: அதே மேடு, அதே ஏரிக்கரை, அதே கணவாய். மந்தை இன்றும் போகிற இடங்களில் குழியும் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. குழி இருந்து புள்ளி இல்லாத இடங்களில் சாலையும், குடில் கூட்டமும், நடமாட்டம் மிகுந்த நடைபாதையும் இருக்கின்றன. டோவ்ரெஃபியெல் மேட்டில் இது பளிச்சென்று தெரிகிறது. ரோண்டானே மலைக்கும் ஸ்னோஹெட்டா பகுதிக்கும் இடையே மந்தைகள் கடந்த பெருவழியில் குழிகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. 1921-இல் திறந்த டோவ்ரெ ரயில்பாதையும் ஈ-6 நெடுஞ்சாலையும் இன்று அதைக் குறுக்கே வெட்டுகின்றன. கொல்வதற்காக வெட்டிய குழி, சில நூற்றாண்டு கழித்து, அந்த இனத்தைக் காப்பதற்கான ஆதாரமாகியிருக்கிறது. வேட்டைக்காரன் தன் இரையைப் பற்றி எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தான் என்பதை நினைத்தால் மரியாதை வருகிறது.

வரலாறு என்று பார்த்தால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனியுகம் பின்வாங்கியபோது மானைத் தொடர்ந்து மனிதன் நார்வேக்குள் வந்தான். குழிகள் வந்தன, பிறகு துப்பாக்கி வந்தது. 1902-இல் நாடு முழுக்க சில ஆண்டுகள் வேட்டையை நிறுத்தும் அளவுக்கு மந்தைகள் தேய்ந்தன. 1868-இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம் மலை முழுக்கக் குடில்களையும் சிவப்பு 'டி' எழுத்துப் போட்ட கற்குவியல் பாதைகளையும் பரப்பியது. 1957-இல் வந்த சட்டம், சாகுபடி செய்யாத நிலத்தில் யாரும் நடக்கலாம் என்ற பழைய உரிமையை எழுத்தில் உறுதிசெய்தது. 1962-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக ரோண்டானே ஆனது. இன்று நார்வேயில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விடுமுறைக் குடில்கள்.

இனி வாசகர் போன பருவத்துக்கு வருவோம். ஈஸ்டர் என்பது மார்ச் கடைசியோ ஏப்ரலோ. மனிதருக்குப் பகல் நீண்டு வெயில் வந்த நல்ல நாட்கள். பெண் மானுக்கு அது ஆண்டிலேயே மெலிந்த காலம். இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பு கரைந்திருக்கும், வயிற்றில் கன்று, மே மாதம் ஈன வேண்டும். உணவு பனிக்கு அடியில் இருக்கும் லைக்கன் என்ற கற்பாசி. மான் மோந்து பார்த்து இடம் தேர்ந்து, முன்காலால் பனியைத் தோண்டிக் குழியாக்கித் தலையை உள்ளே விட்டு மேய்கிறது. தோண்டிய குழியைப் பிடுங்க மற்ற மான்கள் வரும். குளிர்காலம் முழுக்கப் பெண் மான் கொம்பை உதிர்க்காமல் வைத்திருப்பது இந்தக் குழியைக் காத்துக்கொள்ளத்தான் என்று விளக்குகிறார்கள். வளர்ந்த ஆண் மான்கள் அதற்கு வெகு முன்பே உதிர்த்துவிடுகின்றன. ஸ்கீக்காரரைக் கண்டு ஓடும்போது மான் இழப்பது ஓட்டத்தின் சக்தியை மட்டுமா? பாடுபட்டுத் தோண்டிய குழியையும் விட்டுவிட்டுப் போகிறது. புது இடத்தில் மறுபடி தோண்ட வேண்டும். அங்கே பனி இறுகியிருக்கலாம். லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒதுங்கிய மூலையில் மந்தை நெருக்கியடித்து மேய்ந்துவிட்டால் அது பழையபடி தழைக்கப் பல பத்தாண்டு ஆகும்.

மேய்ந்த பிறகு படுத்து அசைபோட வேண்டும். 2023 கடைசியில் வந்த ஓர் ஆய்வில், அசைபோடும் துருவமானின் மூளை அலைகள் ஆழ்ந்த உறக்கத்தின் அலைகளை ஒத்திருந்தன. அசைபோட்ட நேரம் கூடினால் அதற்குப் பின் உறங்க வேண்டிய தேவை குறைந்தது. அழகான கண்டுபிடிப்பு. உடனே 'சுற்றுலாவால் மான்களுக்குத் தூக்கம் போச்சு' என்று தலைப்பு எழுதக் கை துறுதுறுக்கும். ஆய்வு நடந்தது ஆய்வகத்தில் வளர்ந்த நான்கு பெண் மான்களிடம். மலையில் அஞ்சித் திரியும் மந்தைக்கு அதை அப்படியே ஒட்டவைக்க இன்னும் ஆதாரம் வேண்டும்.

கோடையில் கணக்கு வேறு. ஜூலை வெயிலில் ஈக்கள் கிளம்புகின்றன. ஒரு வகை மானின் மயிரில் முட்டையிடும். புழு தோலுக்கடியில் வளரும். இன்னொரு வகை மூக்குத் துளைக்குள் புழுக்களைப் பீய்ச்சிவிடும். மான்கள் மேய்வதை விட்டுக் காற்றடிக்கும் உச்சிகளுக்கும் உருகாத பனித்திட்டுகளுக்கும் ஏறி நிற்கின்றன. ஸ்வீடனில் வளர்ப்பு மந்தைகளைப் பார்த்த அன்னா ஸ்கரின் குழு 2004-இல் ஒன்று கண்டது: ஈத் தொல்லை மிகுந்தபோது மலையேறுபவர் இருக்கிறார்களே என்று மான்கள் ஒதுங்கவில்லை, உச்சிக்கே போயின. 'மான்கள் நம்மைப் பழகிக்கொண்டன' என்று மகிழ்கிற சுற்றுலாக்காரர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிற மான் வேறு போக்கிடம் இல்லாமல் நிற்கலாம். பனித்திட்டுகள் சுருங்கிவரும் காலத்தில் அந்தப் போக்கிடமும் குறைகிறது.

விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹர்டாங்கர்விடா பீடபூமியின் மேற்கு விளிம்பில் ட்ரோல்டுங்கா என்ற பாறை நாக்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. 2010-இல் ஆயிரம் பேர்கூட அங்கே போகவில்லை. 2016-இல் சுமார் 80,000 பேர். இடையில் நடந்தது இன்ஸ்டாகிராம். 'காலடித் தடம் தவிர எதையும் விட்டுச் செல்லாதீர்' என்ற வாசகத்தைச் சுற்றுலாத் துறை உலகெங்கும் பெருமையாக அச்சடிக்கிறது. குப்பைக்கு அது சரியான அறிவுரை. அஞ்சுகிற விலங்குக்குக் காலடித் தடம்தான் பிரச்சினையே. மறுபக்கம், 'மலையேறுபவர்கள் மான் இனத்தை அழிக்கிறார்கள்' என்று எழுதுகிற பத்திரிகைகளையும் நான் நம்பவில்லை. அணைக்கட்டுகள் மேய்ச்சலை மூழ்கடித்திருக்கின்றன, சாலைகள் வெட்டியிருக்கின்றன, குடில் நகரங்கள் பள்ளத்தாக்குகளை நிரப்பியிருக்கின்றன. நடக்கிறவர் இதற்கெல்லாம் மேலே வந்து சேர்கிறார். மிச்சமிருந்த நடையில் உட்கார்ந்தவர் அவர் என்பதால்தான் அவர் எடை கூடித் தெரிகிறது.

சிக்கலான ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2016-இல் நார்ட்ஃபியெல்லா பகுதி மான் ஒன்றில், மூளையைச் சிதைத்துக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதுவே முதல் முறை. பரவலைத் தடுக்க அந்தப் பகுதியில் நோய் கண்ட மண்டலத்தின் மந்தை முழுவதையும், 2,000-க்கும் மேற்பட்ட மான்களை, 2018-க்குள் சுட்டுக் கொன்றார்கள். 2020-இல் ஹர்டாங்கர்விடாவிலும் நோய் தென்பட்டது. மந்தைகளைப் பிரித்து வைத்த அதே சாலைகள் இப்போது நோய்க்குத் தடுப்பாக நிற்கின்றன. ஆகவே எல்லா வழிகளையும் திறந்துவிடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இன்று யாராலும் முடியாது. திறக்க வேண்டியது ஒரு பகுதிக்கு உள்ளே அடைபட்ட நடைகளை.

அது முடிகிற காரியமா என்றால், முடியும். ரோண்டானேயில் ஸ்கீ பாதையையும் குடிலையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள். நெல்லமான் குழு 2010-இல் எழுதியது: கைவிட்டிருந்த குளிர்கால மேய்ச்சலுக்கு மான்கள் திரும்பி வந்தன. டோவ்ரெஃபியெல்லில் யெர்கின் ராணுவச் சுடுதளத்தை மூடி, சாலைகளையும் கட்டடங்களையும் பெயர்த்தெடுத்து நிலத்தை மலைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்னோஹெட்டா சிகரத்துக்குப் போகிறவர்களுக்கு, மானின் நிலத்துக்கு நடுவே ஓடும் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, பேருந்துதான். 2011-இல் அதே யெர்கின் பக்கத்தில் விளிம்பில் ஒரு கண்ணாடிக் கூடம் கட்டினார்கள். அடுப்பு வைத்த அறையில் உட்கார்ந்து மலையையும், பாக்கியம் இருந்தால் மந்தையையும் பார்க்கலாம். கட்டடக்கலை இதழ்கள் அதன் அழகைக் கொண்டாடின. எனக்கு அது அமைந்த இடம்தான் பிடித்திருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே பார்த்துவிட்டுத் திரும்பினால், உள்ளே போகும் கூட்டம் அந்த அளவுக்குக் குறையும்.

பெர்கன் வாசகருக்கு என் பதில் இது. அவர் மலைக்குப் போகட்டும். பலகை வைத்த பாதையை விட்டு, விளிம்பில் குறித்த பாதையில் குழந்தைகளோடு போகட்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, கன்று ஈனும் மேடுகளின் பக்கம் போகாமல் இருக்கட்டும். எதிரில் மந்தை வந்துவிட்டால் அமைதியாக உட்கார்ந்துவிடலாம். அது தன் வழியைத் தீர்மானிக்கும்வரை எழ வேண்டாம். இவை அவர் கையில் உள்ளவை. எந்தப் பாதையைப் பெயர்ப்பது, எந்தக் குடிலை மூடுவது என்பது அவர் கையில் இல்லை. 2024 ஏப்ரலில் நார்வே அரசு காட்டுத் துருவமானுக்கென்றே ஒரு வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. மோசம் என்று தரம்பெற்ற பகுதிகளுக்கு நடவடிக்கைத் திட்டங்கள் அதன்படி வகுக்கப்படுகின்றன. அவற்றில் எந்தெந்த நடைபாதைகளின் பெயர்கள் இருக்கின்றன என்பதை அவர் தன் ஊர் மலையேற்றச் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். அங்கே ஓட்டும் போடலாம்.